நகலெடு, மாற்று, சேமி

எழுந்து வாருங்கள். கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு வாருங்கள். ஓர் அநீதி நடந்திருக்கிறது, சாட்சி போதவில்லை. இருபத்திரண்டு பேர் கண்ணால் கண்டார்கள். ஆனால் அவர்கள் சொன்னால் செல்லாதாம். ஏனென்றால் அவர்கள் சம்பளத்துக்கு உட்கார்ந்திருப்பவர்கள். சம்பளத்துக்கு உட்காராத சாட்சி வேண்டும் என்கிறார்கள். நீங்கள் இருக்கிறீர்களே! வாருங்கள்.

விடியற்காலை ஐந்தரை மணி. மூன்றாம் மாடி. படியேறித்தான் போக வேண்டும். ஊரிலுள்ள கட்டடங்களில் பாதிக்கு லிப்ட் பழுதுபார்க்கும் நிறுவனம் இது. ஆனால் இங்குள்ள லிப்ட் முதலாளிக்கும் வாடிக்கையாளருக்கும் மட்டுமே திறக்கும். பதிவு அறைக்காரர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு படியேறுவார்கள். ஏறி முடித்தவுடன் மூச்சு விட நேரம் இராது.

இரண்டு வரிசை மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு கணினித் திரை, அதன் அருகில் ஒரு முழ உயரத்துக்குப் பழுப்பேறிய அட்டைகள். மணிக்கட்டில் துணி சுற்றிய கைகள். பலகையில் தீனியைக் கொத்தும் கோழிகளைப் போல விசைகளின் சத்தம். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. பார்த்தால் ஓர் அட்டை குறைந்துவிடும்.

அட்டைகளின் கதை இது. முதலாளி, நொடித்துப்போன இன்னொரு லிப்ட் நிறுவனத்தை விலைக்கு வாங்கினார். அந்த நிறுவனம் தன் வாடிக்கையாளர்களை அட்டைகளில் வைத்திருந்தது. ஒரு கட்டடத்துக்கு ஓர் அட்டை. கட்டடத்தின் பெயர், தெரு, லிப்டின் எண். கடைசி வரியில், கட்டடக் காவலாளியின் தொலைபேசி எண். இப்படி நாற்பதாயிரம் அட்டைகள். அத்தனையும் மாதக் கடைசிக்குள் கணினியில் ஏறியாக வேண்டும். மணிக்கு நாற்பது என்று இருந்த வேலை ஐம்பதாயிற்று, ஐம்பது எண்பதாயிற்று. எண்பது என்றால் ஓர் அட்டைக்கு நாற்பத்தைந்து விநாடி. நீங்கள் உங்கள் பெயரையும் முகவரியையும் எழுதிப் பாருங்கள், நாற்பத்தைந்து விநாடியில் முடிகிறதா என்று.

முடியாது என்பது நிர்வாகத்துக்கும் தெரியும். ஆகவே வழியையும் நிர்வாகமே சொல்லிக் கொடுத்தது. ஒவ்வொரு திரையின் நெற்றியிலும் மஞ்சள் தாள் ஒன்றை மேற்பார்வையாளர் தம் கையாலேயே ஒட்டினார்: "புதிதாகத் தட்டாதே. நகலெடு, மாற்று, சேமி." கீழே அவருடைய கையொப்பம்.

ஏற்கெனவே பதிவான ஒரு கட்டடத்தைத் திறக்க வேண்டும். நகல் பொத்தானை அழுத்தினால் அதே போன்ற இன்னொரு பதிவு பிறக்கும். அதில் கட்டடப் பெயர், தெரு, லிப்ட் எண் மூன்றையும் மாற்றிச் சேமித்தால் ஒரு புது வாடிக்கையாளர் தயார். மாற்ற வேண்டிய நான்காவது ஒன்று உண்டு: காவலாளியின் தொலைபேசி எண். அது திரையில் தெரியாது. பக்கத்தைக் கீழே உருட்டினால்தான் கண்ணில் படும். உருட்ட நான்கு விநாடி. அந்த நான்கு விநாடியை நாற்பத்தைந்துக்குள் வைக்க நிர்வாகம் மறந்துவிட்டது.

பதிவு அறைக்காரர்கள் இதற்குச் சொந்தமாகவே மொழி வைத்திருந்தார்கள். முதற்பதிவு 'தாய்'. நகல் 'குட்டி'. எதைத் தாயாக வைத்துக்கொள்வது என்பதில் மட்டும் அந்த அறையில் இரண்டு கருத்து கிடையாது. எல்லோரும் தேடியது பதினேழாம் எண்காரியின் பதிவுகளைத்தான்.

அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு பணி எண்; பதினேழாம் எண்காரிக்கு அறையில் 'நிதானம்' என்று பெயர். நாற்பத்தாறு வயது. ஒரு கட்டத்தைக்கூட வெறுமையாக விடமாட்டாள். ஓர் எழுத்துகூடப் பிசகாது. அட்டையில் மை கலைந்திருந்தால், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் படிப்பாள். அவள் பதிவைத் தாயாக வைத்தால் திருத்த வேலை குறைவு. ஆகவே சில வாரங்களில் அவளுடைய பதிவுகளுக்கு ஆயிரக்கணக்கில் குட்டிகள் பிறந்தன.

"அக்கா, உன் கார்டு ஒண்ணு இன்னைக்கு மட்டும் முப்பத்தாறு குட்டி போட்டுடுச்சு," என்று பக்கத்து மேசையிலிருந்து குரல் வரும். அவள் பெயர் 'மின்னல்'. அறையிலேயே வேகமான விரல் அவளுடையது. கைக்குழந்தையைத் தங்கையிடம் விட்டுவிட்டு வருகிறவள்.

"பிரசவம் பாத்தது நீதானே? தாயும் சேயும் நலமான்னு பாத்துச் சொல்லு," என்பாள் நிதானம், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒரு நாள் நிதானம் ஒன்றைக் கண்டுபிடித்தாள். ஒவ்வொரு பதிவின் அடியிலும் 'பதிவு செய்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. தானாகவே நிரம்பும் கட்டம் அது. நகலெடுத்தால் அதுவும் சேர்ந்து நகலாகிவிடுகிறது. யார் குட்டி போட்டாலும் அடியில் விழுவது பதினேழு. எழுந்து போய் மேற்பார்வையாளரிடம் சொன்னாள்.

"நான் போடாத கார்டுலயெல்லாம் என் நம்பர் விழுது சார்."

"விழட்டுமே! ஊர்ல பாதிக் கட்டடம் உன் பேர்ல இருக்கு. பெருமைதானேம்மா?" என்று அவர் சிரித்தார். "போ, போ. உன் கணக்குல இன்னைக்கு ஒம்பது குறையுது."

சிரிப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சாட்சிக் கூண்டில் அதைப் பற்றி உங்களைக் கேட்பார்கள்.

*

அறையின் கோடியில் கண்ணாடித் தடுப்புக்குள் அழைப்பு மேசை. அதில் இருப்பவர் ஐம்பது வயதுக்காரர். காலையிலிருந்து மாலைவரை பேசிப் பேசிக் குரல் கம்மிப்போனதால் 'தொண்டை' என்று பெயர் வாங்கியவர். மெக்கானிக்குகளை வேலைக்கு அனுப்புவதும், அவர்கள் கேட்பதைச் செய்து கொடுப்பதும் அவர் பொறுப்பு.

முன்பெல்லாம் லிப்டுக்கு அடியிலுள்ள குழிக்குள் ஒருவர் இறங்கினால் இன்னொருவர் மெயின் சுவிட்சின் பக்கத்தில் நிற்பார். மின்சாரத்தை இறக்கிவிட்டு, உள்ளே போனவர் வெளியே வரும்வரை அந்த இடத்தை விட்டு அசையமாட்டார். சென்ற வருடம் அந்த இரண்டாம் ஆளை நிர்வாகம் நிறுத்திவிட்டது. அவர் நின்ற இடத்தில் இப்போது ஒரு தொலைபேசி அழைப்பு நிற்கிறது. குழிக்குள் இறங்குமுன் மெக்கானிக் தொண்டையை அழைப்பார். தொண்டை கட்டடக் காவலாளியை அழைப்பார். காவலாளி மெயின் அறையைத் திறந்து சுவிட்சை இறக்குவார். இறக்கியாயிற்று என்று பதில் வந்ததும், மெக்கானிக் இறங்குவார்.

அன்று செவ்வாய்க்கிழமை. பத்து மணி.

"அண்ணே, நான்தான்," என்றான் இளைய மெக்கானிக். எல்லோரையும் அண்ணே, அக்கா என்று அழைத்து, அட்டை கொண்டுவரும் நாளெல்லாம் அறையைச் சிரிக்க வைத்துவிட்டுப் போகிறவன். "குழியில நிறுத்துற சுவிட்ச் செத்துக் கிடக்கு. அதைத்தான் மாத்தப் போறேன். மெயினை இறக்கச் சொல்லுங்க."

"இரு, கேட்டுச் சொல்றேன்."

தொண்டை கணினியில் அந்தக் கட்டடத்தைத் திறந்தார், கீழே உருட்டினார், காவலாளியின் எண்ணை அழைத்தார். "லிப்ட் கம்பெனியிலேர்ந்து பேசறேன். எங்க ஆள் அங்க வந்திருக்கார். மெயினை இறக்குங்க." இரண்டு நிமிடம் கழித்துப் பதில் வந்தது: "இறக்கியாச்சு சார்."

"தம்பி, இறக்கியாச்சு. இறங்கு," என்றார் தொண்டை.

அவர் அடுத்த அழைப்பை எடுத்தார். அதற்கடுத்ததை எடுத்தார். கால் மணி கழித்து அந்தக் காவலாளியே திரும்ப அழைத்தார்; கோபமாக இருந்தார்.

"என்ன சார், மெயினை எப்பப் போடறது? உங்க மெக்கானிக் எங்கே? மேல கீழ தேடிட்டேன், ஒருத்தரையும் காணோம். லிப்டுக்குள்ள மூணு பேர் இருட்டுல மாட்டிக்கிட்டு என் உயிரை எடுக்கறாங்க!"

தொண்டை திரையை மறுபடி பார்த்தார். "நீங்க... எந்தக் கட்டடம்?"

காவலாளி சொன்னார். அது இன்னொரு தெரு. ஒரே உரிமையாளருக்குச் சொந்தமான இரண்டு கட்டடங்களில் இது முதலாவது. மெக்கானிக் இறங்கியது இரண்டாவதில். தாயின் காவலாளி எண், குட்டியிலும் அப்படியே இருந்திருக்கிறது. உண்மையான மனிதர், உண்மையான சுவிட்சை, உண்மையாகவே இறக்கியிருக்கிறார். இறக்கிய கட்டடம்தான் வேறு.

இரண்டாம் கட்டடத்தின் மெயினை யாரும் இறக்கவே இல்லை. அதற்குள் ஐந்தாம் மாடியில் நின்ற லிப்டைத் தரைத்தளத்தில் யாரோ பொத்தானை அழுத்திக் கூப்பிட்டார். லிப்ட் இறங்கி வந்தது. இளைய மெக்கானிக் நிழலைப் பார்த்துச் சுவரோரம் பாய்ந்தான். உடம்பு பிழைத்தது. வலது கால், முழங்காலுக்குக் கீழே, பிழைக்கவில்லை.

செய்தி வந்தபோது கோழிகள் கொத்துவது நின்றுவிட்டது. மீண்டும் கொத்த விரட்டியவர் மேற்பார்வையாளர்தான்.

"என்ன, வேடிக்கையா? மணி பத்தே முக்கால். கையை நிறுத்தாதீங்க!"

*

மறுநாள் விடியற்காலை வந்து உட்கார்ந்தவர்கள் திரையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இருபத்திரண்டு திரைகளிலும் மஞ்சள் தாளைக் காணவில்லை. தாள் இருந்த இடத்தில் நான்கு மூலையிலும் பசைத் தடம் மட்டும் இருந்தது. விரல் வைத்தால் ஒட்டியது.

எட்டு மணிக்கு நிதானத்துக்கு அழைப்பு வந்தது. மேற்பார்வையாளர் முன்னே நடக்க, முதலாளியின் அறைக்குப் போனாள்.

"உட்காரும்மா," என்றார் முதலாளி. குரலில் தேன். "டீ சொல்லட்டுமா?"

"வேண்டாங்க."

முதலாளி திரையை அவள் பக்கம் திருப்பினார். விபத்து நடந்த கட்டடத்தின் பதிவு. அடியில், பதிவு செய்தவர்: பதினேழு.

"இது யார் நம்பர்?"

"என் நம்பர்தான். ஆனா நான் போட்ட கார்டு இல்லை சார். இதோட தாய் என்னோடது. அதுல எல்லாம் சரியா இருக்கும். இது குட்டி. நகலெடுத்தா என் நம்பரும் சேந்து விழும். இவர்கிட்ட அன்னைக்கே சொன்னேன்."

மேற்பார்வையாளர் கூரையில் ஓடாத மின்விசிறியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேதியைப் பாருங்க சார். பதினொண்ணாந் தேதி. அன்னைக்கு நான் வேலைக்கே வரலை. என் வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன். லீவு ரெஜிஸ்டர்ல இருக்கும்."

"லீவு ரெஜிஸ்டர் என்கிட்டதான் இருக்கும்மா," என்றார் முதலாளி, மெல்ல. "அதுல என்ன இருக்குன்னு நான் சொல்றதுதான்."

அந்த ஒரு வாக்கியத்தில் தேன் தீர்ந்துபோனது. அவர் ஒரு தாளை நகர்த்தினார். தட்டச்சு செய்த கடிதம்: 'எனது தனிப்பட்ட கவனக்குறைவால் ஒரேயொரு பதிவில் பிழை நேர்ந்தது. வேறு எந்தப் பதிவிலும் இத்தகைய பிழை இல்லை. பொறுப்பேற்று வேலையிலிருந்து விலகுகிறேன்.'

"கையெழுத்துப் போட்டுட்டா போலீஸ் வரைக்கும் போகாது. பதினாலு வருஷம் வேலை பாத்திருக்க. உன்னை அசிங்கப்படுத்த எனக்கும் மனசில்லை."

"போடலைன்னா?"

"கம்ப்யூட்டர் பேசும். கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?"

"சொல்லாதுங்க. நாம சொன்னதையே திருப்பிச் சொல்லும்."

மேற்பார்வையாளர் குறுக்கிட்டார். "சரிம்மா, நீ இல்லைன்னே வச்சுக்குவோம். அப்போ யாரு? ஒரு பேரு சொல்லு. இந்தப் பதினேழை அழிச்சிட்டு அந்த நம்பரைப் போட்டுடறோம். நீ பாட்டுக்கு உன் சீட்ல போய் உக்காரு."

கவனியுங்கள். ஆயிரக்கணக்கான குட்டிகளில் பதினேழு என்ற எண் விழுந்தபோது விழட்டுமே என்று சிரித்தவர்கள், ஒரு பெயர் கிடைத்தால் ஒரே நொடியில் அழித்துவிடுவார்களாம்!

"நாளைக்குக் காலையில வரைக்கும் நேரம் தரேன்," என்றார் முதலாளி. "உன் பேரா, இன்னொருத்தர் பேரா, முடிவு பண்ணிக்கோ."

*

மதியம் சாப்பாட்டு நேரம். பதிவு அறைக்காரர்கள் மாடிப்படியில்தான் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நிதானம் பாத்திரத்தைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். மின்னல் இரண்டு படி கீழே வந்து நின்றாள், உட்காரவில்லை.

"அக்கா, அது நான்."

நிதானம் நிமிர்ந்தாள்.

"அந்தக் கட்டடத்தோட பேர் என் பாப்பா பேர் மாதிரியே இருந்துச்சு. அதான் ஞாபகம் இருக்கு. அன்னைக்கு மணிக்கு எண்பத்தாறு போட்டேன். அந்தக் கார்டுல கடைசி வரியைப் பாத்தேன்க்கா. நம்பர் வேறன்னு தெரிஞ்சுது. அப்புறமா வந்து மாத்திக்கலாம்னு நெனச்சேன். அப்புறம்னு ஒண்ணு வரவே இல்லை." அந்த வேகமான விரல்கள் புடவை முனையைப் பிடித்து முறுக்கின. "அந்தப் பையன் என்னையும் அக்கான்னுதான் கூப்பிடுவான். நீ என் பேரைச் சொல்லிடு. நீ எதுக்கு என் பாவத்தைச் சுமக்கணும்?"

பொய் சொல்லக் கூடாது என்பதற்காகவே நான் இதைச் சொல்கிறேன்: அந்த ஒரு நிமிடம் நிதானத்தின் நெஞ்சில் ஆசை எழுந்தது. வீட்டில் கண்கட்டுடன் கணவர். பதினாலு வருட வேலை. ஒரு பெயர், மூன்றே எழுத்தாக இருந்தாலும் போதும், இந்த நெருப்பு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அவளும் மனுஷிதான்.

பிறகு அந்தக் கடிதத்தின் இரண்டாம் வரி நினைவுக்கு வந்தது.

"உக்காரு," என்றாள். "உக்காருடி. நீ அழுத்தின, சரி. பாத்தும் விட்டுட்ட, அதுவும் சரி. அது தப்பு இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு சொல்லு. நீ போட்டதுல இது மட்டும்தான் அப்படியா?"

மின்னல் தலையை ஆட்டினாள். "தெரியலைக்கா. சத்தியமாத் தெரியலை."

மேல்படியில் உட்கார்ந்திருந்த ஒருவர் சாப்பிடுவதை நிறுத்தினார். "எனக்கும் தெரியலை," என்றார். அவருக்கு மேலே இன்னொருத்தி: "நான் கீழே உருட்டினதே இல்லை. பொய் சொல்லுவானேன்."

"அதான்!" என்று எழுந்தாள் நிதானம். அவள் இவ்வளவு வேகமாக எழுந்து யாரும் பார்த்ததில்லை. "அவங்களுக்கு ஏன் ஒரு பேரு வேணும்? ஒருத்தர் தப்புன்னா ஒரு கார்டுதான் தப்பு. மீதி எல்லாம் சுத்தம்னு ஆயிடும். வேலை வாங்கின விதமே தப்புன்னு சொன்னா நாப்பதாயிரத்தையும் சரிபாக்கணும். ஒவ்வொரு கட்டடத்துக்கும் போன் போட்டு, எங்க பதிவு சந்தேகம்னு ஒத்துக்கணும். அதுக்குத்தான் என் கையெழுத்து! நான் என் பேரைப் போட்டாலும் சரி, இவ பேரைச் சொன்னாலும் சரி, நாளைக்கு இன்னொருத்தன் குழிக்குள்ள இறங்குவான்."

"அட்டையை வச்சு சரிபாக்கலாமே?" என்று ஒருவர் கேட்டார்.

"அட்டை எங்க இருக்கு? ஏத்தின அன்னைக்கே பழைய பேப்பருக்குப் போட்டாச்சு."

அப்போது கீழே இருந்து பெரிய மெக்கானிக் படியேறி வந்தார். எண்ணெய்க் கறை படிந்த சட்டை. மருத்துவமனையிலிருந்து நேராக வருகிறார். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"காலை எடுத்துட்டாங்க," என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றார். "மயக்கம் தெளிஞ்சதும் பொண்டாட்டியைக் கேக்கலை, காலைக் கேக்கலை. 'அண்ணே, அந்தக் கட்டடத்துக்கு வேற யாரையும் அனுப்பிடாதீங்க, நம்பர் தப்பு'ங்கறான். நான் என்னன்னு சொல்ல? எங்க பயலுங்க பதினோரு பேர் நாளைக்குக் காலையில வேலைக்குப் போறாங்க. எந்த நம்பரை நம்பிப் போறது? நீங்களே சொல்லுங்க."

தொண்டைதான் கம்மிய குரலில் பேசினார். "இறங்குன்னு சொன்னது நான். இந்த வாயால சொன்னேன். இனிமே சரிபாக்காத நம்பரை நான் கூப்பிட மாட்டேன். என் நாக்கை அறுத்தாலும் சரி."

"அறுக்கறதுக்கு அதுல மிச்சம் ஏதாச்சும் இருக்கா அண்ணே?" என்றாள் மின்னல், கண்ணீருக்கு நடுவில். படிக்கட்டு முழுவதும் சிரித்தது. அழுவதற்குப் பதிலாகச் சிரித்தது.

அந்தச் சிரிப்பு அடங்கியபோது முடிவு எடுக்கப்பட்டிருந்தது. யார் முதலில் சொன்னார் என்று பின்னால் கேட்டார்கள். இருபத்திரண்டு பேரும் 'நான்தான்' என்றார்கள்.

"ஆனா ஆதாரம் வேணுமே," என்றார் ஒருவர். "மஞ்சத் தாளைத்தான் பிச்சுட்டாங்களே."

மின்னல் பாத்திரத்தை வைத்துவிட்டு அறைக்குள் ஓடினாள். அவளுடைய மேசைக்கு ஒரு கால் குட்டை, தட்டும்போதெல்லாம் ஆடும். மூன்று வாரத்துக்கு முன் மேற்பார்வையாளர் தாள் ஒட்ட வந்தபோது தவறுதலாக அவள் மேசையில் ஒன்றைக் கூடுதலாக விட்டுப்போனார். ஒன்று திரையில் இருந்தது. இன்னொன்றை எட்டாக மடித்து, மேசைக்காலுக்குக் கீழே வைத்திருந்தாள். குனிந்து இழுத்தாள். மேசை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தாள் வந்தது, நசுங்கி, அழுக்கேறி, ஆனால் எழுத்தும் கையொப்பமும் அப்படியே.

நிர்வாகம் ஒரு நல்ல மேசை கொடுத்திருந்தால் அந்தத் தாள் பிழைத்திருக்காது, தோழர்களே!

*

வியாழக்கிழமை. ஐந்தரை மணி. இருபத்திரண்டு பேரும் எப்போதும்போலப் படியேறி வந்தார்கள், எப்போதும்போல உட்கார்ந்தார்கள். மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்துத் திருப்தியுடன் தலையசைத்தார். பிறகுதான் அவருக்கு வித்தியாசம் உறைத்தது. கோழிகள் கொத்தவில்லை. இருபத்திரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வணக்கம்ங்க. லிப்ட் கம்பெனியிலேர்ந்து கூப்பிடறோம். இது எந்தக் கட்டடத்துக் காவலாளி நம்பர்?"

"தூக்கத்தைக் கெடுத்துட்டேனா? மன்னிச்சுக்கோங்க ஐயா. உங்க கட்டடம் எந்தத் தெரு, அதை மட்டும் சொல்லுங்க."

"அப்படியா? எங்ககிட்ட வேற மாதிரி இருக்கு. சரியான நம்பர் தர முடியுமா?"

ஒவ்வொருவர் கையிலும் அவரவர் தொலைபேசி. ஒரு பதிவைத் திறப்பார்கள், கீழே உருட்டுவார்கள், அழைப்பார்கள், கேட்பார்கள், திருத்துவார்கள். ஒன்றுக்கு நான்கு நிமிடம், ஐந்து நிமிடம். நகல் பொத்தானை ஒரு விரலும் தொடவில்லை. அவர்கள் வேலைநிறுத்தம் செய்யவில்லை. அந்த அறையில் முதன்முறையாக வேலை நடந்தது!

ஆறேகாலுக்கு முதலாளி வந்தார். லிப்டில்தான் வந்தார்.

"என்ன நடக்குது இங்கே? யார் உத்தரவு இது?"

நிதானம் எழுந்து நின்றாள். அவள் கையில் அவர் கொடுத்த கடிதம், கையொப்பமில்லாமல். அதன் மேல் வேறொரு தாள்.

"நீங்க ஒரு பேரு கேட்டீங்க சார். இருபத்திரண்டு இருக்கு." தாளைப் படித்தாள்: "'நிர்வாகத்தின் உத்தரவுப்படி நாங்கள் அனைவரும் நகலெடுத்தோம். கடைசி வரியைப் பார்க்க எங்களுக்கு நேரம் தரப்படவில்லை. எத்தனை பதிவுகள் தவறு என்று எங்களுக்குத் தெரியாது, நிர்வாகத்துக்கும் தெரியாது. எல்லாவற்றையும் சரிபார்க்கும்வரை புதுப் பதிவு செய்ய மாட்டோம். கால் இழந்தவருக்கு நிறுவனமே பொறுப்பேற்க வேண்டும். குழிக்குள் ஒருவர் இறங்கினால் மெயின் அருகில் ஒருவர் நிற்க வேண்டும்.' கீழே எல்லாருடைய கையெழுத்தும் இருக்கு."

"நகலெடுக்கச் சொல்லி யார் உத்தரவு போட்டது? வாயில வந்ததை எழுதுவீங்களா?"

மின்னல் எழுந்தாள். மடிப்புத் தடம் போகாத மஞ்சள் தாளைத் தலைக்கு மேலே விரித்துப் பிடித்தாள். மேற்பார்வையாளரின் கை தன்னையறியாமல் தன் சட்டைப் பையில் இருந்த பேனாவை மூடியது.

"அந்தக் கார்டைப் போட்டவ நான்தான் சார்," என்றாள் அவள். "எனக்கு என்ன தண்டனையோ அது வரட்டும். ஆனா நான் ஒருத்தின்னு எழுதாதீங்க. இந்தத் தாளையும் சேத்து எழுதுங்க."

"மெக்கானிக்கையெல்லாம் கூப்பிடு!" என்று முதலாளி மேற்பார்வையாளரிடம் சீறினார். "வேலைக்கு அனுப்பு. இவங்களை அப்புறம் பாத்துக்கலாம்."

"அனுப்ப முடியாது சார்," என்றது கண்ணாடித் தடுப்புக்குள்ளிருந்து கம்மிய குரல். "எல்லாரும் கீழ வாசப்படியில உக்காந்திருக்காங்க. பையைத் தோள்லேர்ந்து இறக்கலை. பச்சைக் கோடு போட்ட கட்டடம்னா மட்டும் போறாங்களாம். ரெண்டு ரெண்டு பேரா."

"அது என்னய்யா பச்சைக் கோடு?"

"நாங்க சரிபாத்தது சார்," என்றாள் நிதானம். "நாப்பத்தஞ்சு நிமிஷத்துல இருநூத்து எட்டு கார்டு பாத்திருக்கோம். அதுல பதினேழு தப்பு." அந்த எண்ணைச் சொல்லும்போது அவள் லேசாகச் சிரித்தாள். "என் நம்பர்தான் சார். இதுக்கு வேணும்னா கையெழுத்துப் போடறேன்."

பதினேழு குழிகள். பதினேழு கால்கள். ஒரு காலைப் பொழுதில், முக்கால் மணி நேரத்தில். மீதி முப்பத்தொன்பதாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு பதிவுகள் அந்தக் கணினிக்குள் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தன.

முதலாளி சுவரில் இருந்த மின்பெட்டியைத் திறந்தார். அவர் கையாலேயே சுவிட்சை இறக்கினார். இருபத்திரண்டு திரைகளும் ஒன்றாக அணைந்தன.

"இப்போ சரிபாருங்க, பாக்கலாம்."

இருட்டில் யாரும் எழுந்திருக்கவில்லை. சாத்தியே கிடந்த ஜன்னலை யாரோ தள்ளினார்கள். வருடக்கணக்காகத் திறக்காத கதவு முனகிக்கொண்டு திறந்தது. காலை வெளிச்சம் மேசைகளின் மேல் விழுந்தது. கீழே வாசற்படியில் மெக்கானிக்குகளின் தலைகள் நிமிர்ந்து பார்த்தன.

"பாத்தியா," என்றாள் மின்னல், நிதானத்தின் காதில். "சரியான கட்டடத்துல சரியான மெயினை இறக்க அவருக்கும் தெரிஞ்சிருக்கு."

*

நான் இதை எழுதும் இந்த நிமிடம் அவர்கள் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். நிதானத்துக்கும் மின்னலுக்கும் தொண்டைக்கும் தற்காலிக வேலைநீக்கக் கடிதம் வந்திருக்கிறது. மூவரும் அதை விசிறியாக மடித்து விசிறிக்கொண்டிருக்கிறார்கள். திரைகள் இருட்டாகவே இருக்கின்றன. எதையும் அவர்கள் இன்னும் வெல்லவில்லை.

அவர்களிடம் பதிவுகள் இல்லை. ஆனால் அந்தப் பதிவுகளில் இருப்பவர் யார்? நீங்கள்! உங்கள் கட்டடம், உங்கள் தெரு, உங்கள் வாசலில் நிற்கும் காவலாளி. முதலாளி இருபத்திரண்டு திரைகளை அணைக்கலாம். உங்கள் வாயை எந்தச் சுவிட்சால் அணைப்பார்?

சாட்சி சொல்ல உங்களை அழைத்தேன். இப்போது சொல்லுங்கள். உங்கள் லிப்டுக்குள் போங்கள். கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தாளில் பழுதுபார்ப்பவரின் தொலைபேசி எண் இருக்கும். அழையுங்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எங்கள் கட்டடத்துக்கு யாருடைய எண்ணை வைத்திருக்கிறீர்கள்?" பதில் வரும்வரை தொலைபேசியைக் கீழே வைக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் கேட்கச் சொல்லுங்கள்.

கேட்டு முடித்த பிறகு அந்த வாசற்படிக்கு வாருங்கள். மெக்கானிக்குகள் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். நாளைக் காலை, ஐந்தரை மணி.